ஆளுக்கொரு பெட்டி

அபோண்டி ஊசியை வைத்தாள். பாட்டு வந்தது. அவள் புருஷன் மட்டும் வரவில்லை.

மாசக்கணக்காக இதே கூத்துதான், ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. ரெக்கார்டு அதே ரெக்கார்டு. உறையின் மூலையில் எலி கடித்த இடம்கூட அப்படியே இருக்கிறது. பாடகன் பாடுகிறான், ஒல்லிக் கிடார் கிணுகிணுவென்று ஓடுகிறது, கொட்டுக்காரன் தட்டுகிறான். ஆனால் எல்லாம் சன்னமாக, எலும்பும் தோலுமாக வருகிறது. அடியில் கிடந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிற பேஸ் கிடாரை மட்டும் காணோம். அந்தப் பேஸ் கிடாரை வாசித்தவர்தான் ஒபுரா, அவள் புருஷன். போன மழைக்காலத்துக்கு முன்னால் செத்துப்போனவர்.

எங்கள் ஏரிக்கரைக்காரர்களிடம் பேஸ் இல்லாமல் எங்கள் ஆட்டப் பாட்டான பெங்காவைப் போட்டுப் பாருங்கள். மீன் இல்லாத மீன் குழம்பை வைத்த மாதிரி உங்களைப் பார்ப்பார்கள். பாடுகிறவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே பேஸ் வந்து இடுப்பைப் பிடித்துவிட வேண்டும். இந்தப் பாட்டும் அப்படித்தான் தொடங்கும். முதலில் கொஞ்ச நேரம் ஒபுரா மட்டும் தனியாக வாசிப்பார், பிறகுதான் மற்றவர்கள் வந்து சேருவார்கள். இப்போது அந்த இடத்தில் ஊசி தேய்கிற கரகரப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

அபோண்டியின் தவிப்புக்கு வேறு காரணமும் இருந்தது. பாட்டின் பின்பாதியில் அவள் பெயர் வருகிறது. "செமே ஊர் மகளே, அபோண்டி" என்று பாடகன் ஒரே ஒரு தரம் இழுத்துக் கூப்பிடுவான். கூப்பிட்டதும் பேஸ் கிடார் ஒரு தட்டு நின்றுபோகும். பிறகு தடுமாறி ஓடிவந்து பாட்டோடு சேர்ந்துகொள்ளும். ரெக்கார்டு வந்த புதிதில் ஒபுரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"கிசுமு டவுன்ல ரெக்கார்டு பண்ற அந்த ரூம் கோழிக்கூண்டு அளவுதான். சுவரெல்லாம் மெத்தையை மாட்டி வச்சிருந்தான். என் சத்தம் பெருசா இருக்குன்னு என்னை மட்டும் தாழ்வாரத்துல தள்ளி, தனியா ஒரு மைக்கு வச்சான். பள்ளிக்கூடத்துல வெளியே நிறுத்தின பையன் கணக்கா நின்னேன். கதவிடுக்குல உன் பேரு காதுல விழுந்துச்சு பாரு, கை நின்னு போச்சு. திரும்ப எடுக்கலாம்னு சொன்னான். எடுத்தா கிடாராலேயே அடிப்பேன்னு சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் எத்தனையோ நடந்தது. உயோமா ஊரிலிருந்து ரோசிலா இளைய பெண்டாட்டியாக வந்தாள். ஒபுராவுக்குக் கை நடுக்கம் வந்தது, கிடாரைத் தொட முடியாமல் போனது. கடைசி வருஷங்களை அவர் ரோசிலா வீட்டிலேயே கழித்தார், அங்கேயே கண்ணை மூடினார். புதைத்தது மூத்தவள் வீட்டு வாசலுக்கு வலப்பக்கம். அது முறை. ஆனால் முறைக்காக வருகிற ஆள் வேறு, மனசார வருகிற ஆள் வேறு என்பது பெண்டாட்டிக்குத் தெரியாதா? அவர் மனசாரத் தன்னிடம் இருந்தார் என்பதற்கு அபோண்டி கையில் மிச்சமிருந்த அத்தாட்சி அந்த ஒரு தட்டு நிற்பதுதான். இப்போது பெயர் வருகிறது, கூப்பிடுகிறான், யாரும் நிற்கவில்லை.

முதலில் அவள் பேட்டரியைச் சந்தேகப்பட்டாள். எங்கள் பக்கம் கரண்ட் கம்பி இன்னும் வரவில்லை. கார் பேட்டரியில்தான் எல்லாம் ஓடுகிறது. கொழுந்தன் நப்தலி அதைத் தன் சைக்கிளில் வைத்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தான். பாட்டு இன்னும் சத்தமாகச் சன்னமாக வந்தது.

"பேட்டரி இல்லை அண்ணி. பெட்டி," என்றான் நப்தலி. ஒரு காலத்தில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அதனால் மின்சாரம் முழுக்கத் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு.

பெட்டி என்றதும் அபோண்டிக்குச் சுருக்கென்றது. ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. துக்கம் முடிந்து ஒபுராவின் சாமான்களைப் பங்கு பிரிக்கக் குலத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தபோது, மாடுகளுக்குச் சண்டை, வலைக்குச் சண்டை, ஒரே ஒரு சைக்கிளுக்கு நாறிப்போன சண்டை. ஏற்கெனவே ஒருத்தி வாசலை ஒருத்தி மிதிக்காத அபோண்டியும் ரோசிலாவும் இளையவளுக்குப் போன அந்தச் சைக்கிளால் இன்னும் முறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் ஸ்பீக்கர் பெட்டி வந்ததும் பெரியவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டு வீடு, இரண்டு பெட்டி, ஆளுக்கு ஒன்று! இத்தனை நியாயமான பொருளை ஒபுரா வேறு எதையும் விட்டுப்போகவில்லை என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் மூத்தவளிடம் இருக்கட்டும், ஒரு நீள வயரைப் போட்டு இளையவள் வீட்டுக்கும் பாட்டைக் கொடு என்று தீர்ப்பு. நப்தலிதான் துணி காயப்போடும் கம்பி வழியாக வயரை இழுத்துக் கட்டினான். அபோண்டி இங்கே பாட்டுப் போட்டால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் ரோசிலா வீட்டிலும் போகும். மாட்டைப் பங்கு போடுகிற கையால்தான் எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் பங்கு போடுவார்கள். யாரைக் குறை சொல்ல?

"அப்ப நல்ல பெட்டி அவளுக்கு, ஓட்டைப் பெட்டி எனக்கா?" என்றாள் அபோண்டி. "பங்கு போட்ட அன்னிக்கே நினைச்சேன்."

"சும்மா சந்தேகப்படாதீங்க. மாத்திப் பாத்துடலாம்."

நப்தலி போய் முற்றத்தில் நின்று கத்தினான். ரோசிலா வாசலுக்கு வந்தாள். ஒமேனா மீனைக் காயவைத்துக்கொண்டிருந்த கை.

"பெட்டியை மாத்தணுமாம் அண்ணி."

"எடுத்துக்கிட்டுப் போங்க. மூத்தவங்க கேட்டு நான் எதைக் குடுக்கல? சைக்கிள் ஒண்ணுதான் பாக்கி."

"அதைக் கேட்டனா இப்ப?" என்று அபோண்டி தன் வாசலிலிருந்தே கேட்டாள்.

"நான் எதுவும் சொல்லலக்கா. காத்துல சொன்னேன்."

பெட்டிகள் இடம் மாறின. அபோண்டி ஊசியை வைத்தாள். கரகர, கரகர. பிறகு அதே பாடகன், அதே கிணுகிணு. ஒபுரா இல்லை. அவள் பெட்டியின் முகத்தில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பின்பக்கம் வைத்துப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தாள். பெட்டியில் பழுதில்லை என்றால் பழுது எங்கே இருக்கிறது?

நப்தலி கூரையை அண்ணாந்து பார்த்தான். "வீடு," என்றான்.

"வீட்டுக்கு என்ன?"

"செங்கல் சுவரு, சிமெண்டுத் தரை, மேல வெறும் தகரம். சத்தம் நிக்கிறதுக்கு இதுல இடமே இல்லையே. பந்து மாதிரி துள்ளிக்கிட்டே கெடக்கு. இந்த லட்சணத்துல பேஸ் எங்க உக்காரும்?"

அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் பாத்திரக்கடை சரிந்த மாதிரி இருக்கும். தும்மினால் வீடே திருப்பித் தும்மும். ஒபுரா உடம்புக்கு முடியாத காலத்தில் ஆள்வைத்துக் கட்டி முடித்த வீடு. உள்ளே உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முன்னே இருந்தது மண் சுவரும் புல்கூரையும். அதில் இதே ரெக்கார்டு எவ்வளவு கொழுத்துக் கேட்டது! ரோசிலா வீடு இன்னமும் மண் சுவர்தான், புல்கூரைதான்.

வருஷ நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒபுராவோடு வாசித்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பாட்டைப் போடாமல் இருக்க முடியுமா? போட்டு, அதில் ஒபுரா இல்லாவிட்டால்?

கிசுமு அறையில் மெத்தை மாட்டியிருந்ததாக அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அபோண்டி இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்தாள். போர்வைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். சோபாவுக்குப் பின்னிப் போட்டிருந்த வெள்ளைத் துணிகளை எடுத்து ஜன்னலுக்குக் கட்டினாள். சோள மூட்டைகளை மூலைக்கொன்றாக உருட்டி வைத்தாள். போதவில்லை. முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ரோசிலா! உன் மெத்தை சும்மா கெடக்கா?"

"நான் படுக்கிற மெத்தைக்கா அது."

"பகல்ல படுக்க மாட்டியே."

ரோசிலா மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியோடு நின்றாள். உள்ளே எட்டி ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பா வருத்தமா என்று அபோண்டிக்குப் பிடிபடவில்லை.

"குளிருக்கா வீட்டுக்கு?" என்றாள்.

"பாட்டுச் சரியாக் கேக்கல."

"ஓ. உங்களுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மெத்தையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உங்களுக்குமா என்றால் என்ன அர்த்தம்? நக்கலா? அபோண்டி அதை மனசில் போட்டுக் கொஞ்ச நேரம் உருட்டினாள், பிறகு மெத்தையை மாட்டப் போய்விட்டாள்.

மெத்தை மாட்டியதும் எதிரொலி ஒடுங்கியது. பாடகன் பக்கத்தில் வந்து நின்று பாடுகிற மாதிரி இருந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவள் பெயரை அவன் கூப்பிட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. பேஸ் கிடார் இல்லை. ஒரு துளி இல்லை.

வெளியே முற்றத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நப்தலி தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தான். "இப்ப பிரமாதம் அண்ணி! அண்ணன் என்ன போடு போடுறாரு!"

"என்னது?"

"பேஸு. நெஞ்சுல வந்து இடிக்குது. மெத்தை வேலை செஞ்சிருச்சு."

அபோண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நப்தலி, நான் புருஷனைப் பறிகொடுத்தவ. என்கிட்ட விளையாடாத."

"விளையாடல அண்ணி, சத்தியமா..."

"எங்க கேட்டுது? இந்தா, போடுறேன், கேளு."

போட்டாள். அவன் கேட்டான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போனது. "இல்லையே," என்றான். "இப்பதானே இருந்தாரு?" தலையைச் சொறிந்தான். "அண்ணி, எனக்குக் காதுல ஏதோ கோளாறு போல." சொல்லிவிட்டு மீன் வாங்குகிற சாக்கில் ஏரிப் பக்கம் போய்விட்டான்.

அப்போதுதான் அபோண்டிக்குப் பயம் வந்தது. பேட்டரி இல்லை, பெட்டி இல்லை, வீடு இல்லை. நப்தலி காதுக்கு வருகிறார், அவள் காதுக்கு வரவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? சோள மூட்டை மேல் உட்கார்ந்து அவள் வாய்விட்டே கேட்டாள். "என் மேல என்ன கோவம் உங்களுக்கு? கடைசியில நான் வந்து பாக்கலைன்னா? அவ வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன், சொல்லுங்க." மெத்தை மாட்டிய வீடு அவள் குரலை விழுங்கிக்கொண்டது. முன்னே எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன வீடு இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் சோள மாவைப் போட்டு உகாலி கிண்டும்போதும் அதே நினைப்பு. இரண்டு மெத்தைக்கும் நாலு போர்வைக்கும் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டாள். கடைசியாக ஒரு தரம் என்று ரெக்கார்டைப் போட்டாள்.

கரகர, கரகர. பாடகன் இன்னும் தொடங்கவில்லை. அந்த வெற்று இடத்தில், ஜன்னல் வழியாக, முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

தும். தும் தும். தும்.

அபோண்டியின் கை அப்படியே நின்றது. அது அவர் விரல். இத்தனை வருஷம் கேட்ட விரல் தெரியாதா? அவர் அங்கே இருக்கிறார். ரோசிலா வீட்டில் இருக்கிறார். இவள் வீட்டுக்கு ஊரையெல்லாம் அனுப்பிவிட்டு, அவர் மட்டும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு இருந்தபோதுதான் அந்த வீடு, செத்தும் அந்த வீடுதானா?

உகாலி கிண்டிய கட்டையைக்கூடக் கீழே வைக்காமல் வெளியே பாய்ந்தாள். அந்தச் சக்களத்தியை இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது. என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் கேட்டுவிடுவது.

பாதி முற்றத்தில் கால் தானாக நின்றுவிட்டது.

பாட்டு முழுசாக இருந்தது. முதுகுப் பக்கம், திறந்துகிடந்த தன் கதவிலிருந்து பாடகன் பாடுகிறான், கொட்டு விழுகிறது, ஒல்லிக் கிடார் துள்ளுகிறது. எதிர்ப்பக்கம், ரோசிலாவின் கதவிலிருந்து ஒபுரா வருகிறார், தடிப்பாக, நிதானமாக, அடிவயிற்றில் கை வைக்கிற மாதிரி. இரண்டும் அவள் நிற்கிற இடத்தில் வந்து கட்டிக்கொள்கின்றன. ஒபுராவைப் புதைத்த இடம் அவளுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

ஓர் அடி தன் வீட்டுப் பக்கம் வைத்தாள். ஒபுரா மெலிந்தார். ஓர் அடி அந்தப் பக்கம் வைத்தாள். பாடகன் மெலிந்தான். திரும்ப நடுவில் வந்து நின்றாள். கையில் கட்டையோடு இப்படியும் அப்படியும் நடக்கிற அவளைக் கட்டிப்போட்டிருந்த மாடு மென்றுகொண்டே பார்த்தது.

தாழ்வாரம். தனி மைக். வெளியே நிறுத்தின பையன். ஐயோ, இத்தனை நாள் மண்டையில் என்ன இருந்தது! அவரைத் தனியாக நிறுத்தினார்கள், தனியாகவே ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு அவர், ஒரு பெட்டிக்கு மற்ற எல்லாரும். குலத்துப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, நியாயம் பேசி, பாட்டை நடுவாக அறுத்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார்கள்.

"ரோசிலா! ஏ ரோசிலா! வெளிய வாடி!"

ரோசிலா கதவில் தெரிந்தாள். கட்டையைப் பார்த்தாள். "என்னக்கா, சைக்கிளா?"

"இங்க வா. இங்க வந்து நில்லு."

"கட்டையைக் கீழ வைங்க, வரேன்."

அபோண்டி கட்டையை விட்டெறிந்தாள். ரோசிலா தயங்கித் தயங்கி வந்தாள். அபோண்டி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். அந்தத் தோளை அவள் தொட்டதே வருஷக்கணக்காக இல்லை.

"பாடுறாங்க!" என்றாள் ரோசிலா. கண் அகன்றுவிட்டது. "அக்கா, பாடுறாங்க!"

"பாட்டுன்னா பாடத்தானே செய்வாங்க?"

"என் வீட்ல பாட மாட்டாங்களே. இத்தனை மாசமா இவரு மட்டும் தனியாத் தும்தும்முன்னு வாசிச்சுக்கிட்டிருக்காரு. யாரும் கூடச் சேரவே மாட்டாங்க." ரோசிலாவின் குரல் உயர்ந்தது. "நீங்கதான் வயருல என்னமோ பண்ணிப் பாட்டை வழியிலேயே பிடிச்சு வச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன். மூத்தவளைப் பாடின பாட்டு, இளையவ காதுல விழக்கூடாதுன்னு."

"என் மேல அப்படி ஒரு நினைப்பா உனக்கு?"

"ஒரு சைக்கிளுக்கே அந்தப் பாடு படுத்தினவங்கதானே?"

அபோண்டிக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தது சிரிப்பு. "நானும் உன்னை அப்படித்தான் நினைச்சேன். அவரை நீ பிடிச்சு வச்சுக்கிட்டேன்னு."

"அதுக்கா எங்கிட்ட மெத்தை வாங்குனீங்க?"

காற்று திரும்பியது. ஏரிக்கு மேலே வானம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டின் பின்பாதி வருவதற்குள் காற்று இரண்டு வீட்டுச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பெட்டியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் என்று கேட்கத்தான் இருவருக்கும் வாய் வரவில்லை.

"உங்க வீட்லதான் எல்லாம் இருக்கு," என்றாள் ரோசிலா கடைசியில். "பெட்டியைக் கொண்டாரேன். ஆனா பெட்டி வந்தா நானும் கூடவே வருவேன், சொல்லிட்டேன்."

அபோண்டி தன் வீட்டுத் தகரக் கூரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். இந்த மழை அந்தத் தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினால்கூடக் கேட்காது. புல்கூரைதான் மழையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அது தெரிந்தும், சொல்வதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூத்தவள் வீட்டுச் சாமான் இளையவள் வீட்டுக்குப் போவதா? அதுவும் அந்த வீட்டுக்கு?

"உன் வீட்டுக்குத் தூக்கு," என்றாள்.

ரோசிலா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு ஓடினாள்.

பேட்டரியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். "அந்தப் பக்கம் தூக்குடி, கால்ல போடாத." "நீங்க முன்னால போங்கக்கா, நான் பின்னால நடந்து பழகினவதானே." பிளேயரைப் போர்வையில் சுற்றினார்கள். ஆம்ப்ளிஃபையர் மேல் அபோண்டி தன் மேல்துணியைப் போட்டாள். கடைசியாக அபோண்டியின் பெட்டி வாசலைத் தாண்டும்போது முதல் சொட்டுகள் விழுந்தன.

ரோசிலா வீட்டு வாசலில் அபோண்டிக்குக் கால் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டாள். மண் மணந்தது. காய்ந்த ஒமேனா மணந்தது. சுவரோரம் ஒரு கட்டில், அதன் கால்மாட்டில் ஒபுராவின் செருப்பு. படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்க ஒரு கயிறு உத்தரத்திலிருந்து தொங்கியது. அந்தக் கயிறு பிடிபிடித்து அழுக்கேறி வழவழவென்று இருந்தது. அபோண்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இங்கே அவருக்கு நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தூக்கி உக்கார வைக்க எனக்குப் பலம் பத்தாது. அதான் கயிறு," என்றாள் ரோசிலா, வயரை மாட்டிக்கொண்டே.

பெட்டிகளைச் சுவரோரம் ஆளுக்கொரு மூலையில் வைத்துவிட்டுக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரை முணுமுணுத்ததோடு சரி. அபோண்டி ஊசியை வைத்தாள்.

ஒபுரா வந்தார். தனியாகக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு எல்லாரும் வந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

ரோசிலாவின் பாதம் தரையில் தாளம் தட்டியது. பின்பாதி தொடங்கியதும் அந்தப் பாதம் நின்றது. அவள் அபோண்டியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இப்ப ஒரு இடம் வரும். அங்க அவருக்குக் கை நடுங்கும்."

"என்ன?"

"நின்னு போயிடும். அப்புறம் தட்டுத் தடுமாறி வருவாரு. நான் இத்தனை மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த ரெக்கார்டு நான் வர்றதுக்கு முந்தி எடுத்தது. அப்படின்னா அப்பவே நடுக்கம் இருந்திருக்கு. அப்பவே தெரிஞ்சிருக்கு அவருக்கு. நோயைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான், பாக்க ஒரு ஆள் வேணும்னுதான் என்னைக் கட்டிக்கிட்டு வந்தாரு. பெண்டாட்டியா இல்லக்கா. எனக்கு இதை யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. செத்தவரோட சண்டை போட முடியுமா?"

அது நடுக்கமில்லை என்று அபோண்டிக்குத் தெரியும். சொல்லலாம் என்று நினைப்பதற்குள் பாடகன் மூச்சை இழுத்தான்.

"செமே ஊர் மகளே, அபோண்டி..."

பேஸ் கிடார் நின்றது. அந்த இடத்தில் மழைதான் கேட்டது. பிறகு அது தடுமாறி ஓடிவந்து பாட்டைப் பிடித்துக்கொண்டது.

அபோண்டி இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். கிடைத்தது, முழுசாகக் கிடைத்தது. ஆனால் அவள் பாட்டைக் கேட்கவில்லை, ரோசிலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக என்னென்னவோ வந்து போயின.

"உங்க பேரு," என்றாள் ரோசிலா.

"ம்."

"உங்க பேரைக் கேட்டு நின்னாரா?"

மழுப்பிவிடலாமா என்று அபோண்டிக்கு ஒரு கணம் தோன்றியது. பசியாக இருந்தார், கம்பி அறுந்தது, எதையாவது சொல்லிவிடலாம். பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்தாள்.

"ஆமாம். தாழ்வாரத்துல நிக்க வச்சிருந்தாங்களாம். கதவிடுக்குல கேட்டுதாம். கை நின்னு போச்சுன்னு அவரே சொன்னாரு. நடுக்கம் இல்லடி. அவருக்கு அப்ப ஒண்ணுமே இல்லை. உன்னைக் கட்டிக்கிட்டு வந்தப்பவும் இல்லை. எனக்குத் தெரியும், அந்தக் கையால என் பங்கு மீனையும் சேத்துத் தின்னவரு."

ரோசிலா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் அபோண்டி நினைத்தாள். அழுகைதான். நடுவில் சிரிப்பும் வந்தது.

"பொண்டாட்டி பேரைக் கேட்டு நின்ன கைக்கா நான் இத்தனை மாசமா இவரைத் திட்டிக்கிட்டிருந்தேன்?" என்றாள் துணிக்குள்ளிருந்தே. "நீங்க நல்லா இருப்பீங்களா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாது?"

"நீ என் வீட்டுக்கு வந்தியா? நான் உன் வீட்டுக்கு வந்தேனா?"

பாட்டு முடிந்து ஊசி கரகரத்துக்கொண்டிருந்தது. மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. ரோசிலா மூக்கைச் சிந்தினாள், எழுந்தாள், அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னொரு தரம் போடுங்கக்கா. அந்த இடத்துக்கு வரும்போது என்னைக் கூப்பிடுங்க."

அபோண்டி எழுந்து போய் ஊசியைத் தூக்கி முதலிலிருந்து வைத்தாள்.